அப்பாவின் பாட்டி பெயர் தெரியுமா?



உங்கள் அப்பாவின் பாட்டி பெயர் என்ன? தாத்தாக்களின் பெயராவது இனிஷியலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டிகளின் பெயர் எங்கும் இருக்காது. எனக்கும் போன வருடம் வரை தெரியாது.

இங்கிலாந்தில் 1841 முதல் வீடு வீடாக ஆட்களின் பெயரெழுதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் உள்ளன. நூறு ஆண்டு கழித்து அவற்றை எல்லோரும் பார்க்கலாம். 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் வெளிவந்தது. அதை வைத்து அங்கே முன்னோரைத் தேடுகிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் 1871-72இலேயே கணக்கெடுத்தார்கள். ஆனால் நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் மொத்த எண்ணிக்கைகள்தான், பெயர்கள் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 'எத்தா சிவில்' பதிவேட்டில் எழுதினார்கள். பிறப்புப் பதிவில் பிறந்த நேரம், தகப்பனார் பெயர், தொழில், சாட்சிகள் எல்லாம் இருக்கும். தாயின் பெயரும் இருக்கும். பழைய ஏடுகள் பிரான்ஸில் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஒன்று, எழுத்து. 'முத்து' என்றால் 'எம்' எழுத்துக்குப் பிறகு 'ஓ', 'யு' இரண்டும் வரும். ஒரே பெயரை இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். இன்னொன்று, குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனது அப்படித்தான். அத்தகைய குடும்பங்களில் அந்த ஆண்டுகளுக்கு முன்னே போனால் பெயரே மாறிவிடும்.

முப்பத்தைந்து வருடம் லெட்ஜர் புரட்டிய கை என்பதால் எனக்குப் பொறுமை உண்டு. மூன்று வாரம் தேடி, 1898இல் முத்தியால்பேட்டையில் பிறந்த என் தாத்தாவின் பதிவைக் கண்டுபிடித்தேன். தகப்பனார் நெசவாளர். தாய் பெயர் அலமேலு.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, எண்பத்தாறு வயது அத்தையிடம் காட்டினேன். ரேஷன் கார்டில் அத்தை பெயரும் அலமேலுதான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பாப்பா'. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் கால வழக்கம். அதனால் மகளுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, என் பாட்டி ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அத்தை அந்தத் தாளை வெகுநேரம் வைத்திருந்தார். "இது யார் பேருன்னு எங்கிட்ட யாருமே சொல்லலியேடா" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பதிவேடு காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க முடியாது. வீடு மாறும்போது பழைய பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஊரும் வருடமும் தோராயமாகத் தெரிந்தால் போதும். ஞாயிறு மாலை நம் சங்க அறைக்கு வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.