குழாய் செட்டும் நடு அச்சும்

அப்போதெல்லாம் மதுரைப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, விடியுமுன்னே குழாய் ஸ்பீக்கர் செட்டு பாடிவிடும். அந்த செட்டுகளால் பிழைத்தது எங்கள் ரிப்பேர் கடை. கோடையில் பொட்டல் புழுதி செட்டின் ரெக்கார்டு பிளேயரின் நடு அச்சுக்குள் இறங்கும். எண்ணெய் பிசினாகும், பாட்டு இழுக்கும்.

அச்சை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த அடிக்குண்டை மாற்றி, தையல் மெஷின் எண்ணெய் விடுவோம். அப்புறம் வேகம் பார்க்க, சுழலும் தட்டின் மேல் 180 கோடு போட்ட அட்டை. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், 50 ஹெர்ட்ஸ் டியூப் லைட்டடியில், கோடுகள் அசையாமல் தெரிய வேண்டும். தெரிந்தாலும் நான் விடமாட்டேன். நம்மூர் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு வாசித்த நாதஸ்வரத்தை வைப்பேன். நீண்ட கார்வையில் மயிரிழை நடுக்கம் கேட்டாலும் அச்சை மறுபடி கழற்றுவேன்.