பிஓடி மட்டும் போதுமா? ராமேஸ்வரம் பவளப்பாறையையும் அடையாற்றுக் கழிமுகத்தையும் முன்வைத்து

சென்னையில் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் கழிவுநீரின் பிஓடி, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ராமேஸ்வரத்தில் அதே நீர் 30 மில்லிகிராம் வரை போகலாம் என்றிருந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை பெருநகரங்களுக்கு ஒரு வரம்பும் மற்ற ஊர்களுக்குத் தளர்ந்த இன்னொரு வரம்பும் வகுத்ததன் விளைவு இது. 2015-இல் வெளிவந்த வரைவில் பிஓடி வரம்பு 10 ஆகவும் மொத்த நைட்ரஜன் வரம்பு 10 ஆகவும் இருந்தன. இறுதி அறிவிக்கையில் நைட்ரஜன் என்ற வரியே இல்லை. 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்த்து, பெருநகரங்களுக்கான கடுமையான அளவே மற்ற ஊர்களுக்கும் பொருந்தும் என்றது. சரியான திசையில் வைத்த அடி அது. ஆனால் அந்த ஆணைக்கும் கீழே உள்ள அடிப்படைக் கேள்வி இன்னும் எழுப்பப்படவில்லை. கழிவுநீரின் தரத்தை ஊரின் மக்கள்தொகை தீர்மானிக்க வேண்டுமா, அந்த நீர் போய்ச் சேரும் இடம் தீர்மானிக்க வேண்டுமா? சேரும் இடமே தீர்மானிக்க வேண்டும் என்றும், பவளப்பாறையை ஒட்டிய தீவில் முதலில் அளக்க வேண்டியது பிஓடி அல்ல, நைட்ரஜன் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

பிஓடி எங்கே பிறந்தது என்று பார்த்தால் சிக்கல் தெளிவாகும். பிரிட்டனில் 1898-இல் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம் நியமிக்கப்பட்டது. 1912-இல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கைதான் இன்று உலகெங்கும் பொறியாளர்கள் கையாளும் அளவுகளின் தாய். மிதக்கும் திடப்பொருள் 30, ஐந்து நாள் ஆக்சிஜன் தேவை 20 என்று அது வகுத்தது. சோதனைக்கான வெப்பநிலை 65 டிகிரி பாரன்ஹீட், ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ். ஏன் ஐந்து நாள்? பிரிட்டனின் ஆற்றுநீர் கடலை அடைய அதற்கு மேல் ஆகாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். வெளியேறும் நீரோடு குறைந்தது எட்டு மடங்கு நல்ல ஆற்றுநீர் கலக்கும் என்பது இன்னொரு நிபந்தனை. இந்தியா சோதனையை மூன்று நாள், 27 டிகிரி என்று வெப்ப நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஆனால் அளவின் உட்பொருள் மாறவில்லை. ஆற்றில் மீன் மூச்சுத் திணறக் கூடாது, ஆறு நாறக் கூடாது, அவ்வளவுதான் அதன் அக்கறை. கடலை எட்டிய பிறகு அந்த நீர் அதன் கணக்கிலேயே இல்லை. பவளப்பாறைக்கோ அங்கேதான் கணக்குத் தொடங்குகிறது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். காற்றூட்டப்பட்ட தொட்டியில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று தீர்க்கின்றன, பிஓடி விழுந்துவிடுகிறது. நைட்ரஜனோ பெரும்பாலும் வடிவம்தான் மாறுகிறது. யூரியா அமோனியாவாகிறது, அமோனியா நைட்ரேட் ஆகிறது. காற்றில்லாத கட்டம் ஒன்றைத் தனியே அமைத்து நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றாவிட்டால், உள்ளே வந்த நைட்ரஜனில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் சேற்றோடு போகும். மீதி தெளிந்த நீரோடு வெளியே வரும். கண்ணாடிக் குவளையில் பிடித்தால் பளிங்குபோல் இருக்கும், நாற்றமும் இருக்காது, சான்றிதழும் கிடைக்கும். பாசிக்கு அது உரம்.

பவளம் வளம் குறைந்த நீரில் வாழப் பழகிய உயிர். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் உணவு சமைத்துத் தருகிறது. சுற்றியுள்ள கடலில் உரம் இல்லாததே இந்தக் கூட்டுவாழ்வின் பாதுகாப்பு. கரைந்த நைட்ரஜன் லிட்டருக்குச் சுமார் 14 மைக்ரோகிராமைத் தாண்டினால் பெரும்பாசிகள் பவளத்தின் மேல் கை ஓங்கத் தொடங்கும் என்பது ஆய்வுலகில் அடிக்கடி எடுத்தாளப்படும் எல்லை. சாதாரணச் சுத்திகரிப்பு முடிந்த நீரில் 30 மில்லிகிராம் நைட்ரஜன் எஞ்சியிருப்பதாகக் கொண்டால், அந்த எல்லைக்குக் கீழே இறங்க 2,000 மடங்குக்கு மேல் தூய கடல்நீர் கலக்க வேண்டும். எல்லை குறித்துக் கருத்துவேறுபாடு உண்டு. பத்து மடங்கு தளர்த்தினாலும் 200 மடங்கு நீர் வேண்டும். 1912-இன் ஆணையம் எதிர்பார்த்தது எட்டு மடங்கு. நம் விதிகள் எந்தக் கணக்கின் மேல் நிற்கின்றன என்பதை இந்த இடைவெளியே காட்டிவிடுகிறது. சூழல் பாதுகாப்பு விதிகளில் கடல்நீரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் அட்டவணை உண்டு. சூழலியல் முக்கியத்துவம் கொண்ட பகுதிகளுக்கான முதல் வகுப்பில்கூட ஆக்சிஜன், எண்ணெய், மிதக்கும் பொருள் ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கிறதே தவிர நைட்ரஜனுக்கு இல்லை.

இனி ராமேஸ்வரம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பவளம் என்றதும் நம் நினைவு அந்தத் தீவுகளுக்கே ஓடுகிறது. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுப்பை எழும்பூர் அருங்காட்சியகம் 1927-இலேயே தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. ஆனால் மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் நோக்கி நீளும் வடகரையில், பாக் விரிகுடாப் பக்கம், இன்னொரு பவளப்பாறை மதில்போல் ஓடுகிறது. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தூரமே. அது பூங்காவின் எல்லைக்குள் இல்லை. பூங்காத் தீவுகளில் ஆள் குடியிருப்பு இல்லை. வடகரைப் பாறைக்கு நேர் எதிரே ஊர்கள், மீன்பிடித் தளங்கள், விடுதிகள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் பக்கம் அலை புரண்டுகொண்டிருக்க, இந்தப் பக்கம் குளம்போல் அடங்கிக் கிடக்கும். ஆக, கழிவுநீர் மிக அருகில் இருக்கும் பவளத்துக்குக் கலக்கம் குறைந்த நீர், பாதுகாப்பும் குறைவு.

2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 45,000. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து குவியும் கூட்டம் அந்தக் கணக்கில் வராது. அக்னி தீர்த்தக் கடலில் கழிவுநீர் கலப்பது குறித்த முறையீடுகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வழக்குகளில் பேசப்படுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் குழாய் பற்றியும் நீராடுவோரின் நலன் பற்றியும்தான். அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாதைதான் பவளத்துக்குக் கூடுதல் ஆபத்து என்று நான் கருதுகிறேன். தீவின் நிலம் மணலும் சுண்ணாம்புக்கல்லும். செப்டிக் டேங்கிலிருந்து ஊறும் நீர் மணலில் இறங்கும்போது அமோனியா நைட்ரேட்டாகி, நிலத்தடி நீரோடு தடையின்றிக் கடலுக்கு நகர்கிறது. பாஸ்பரஸைச் சுண்ணாம்பு மணல் பெரிதும் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. விளைவாகக் கடலில் கசிவது நைட்ரஜன் மிகுந்த, பாஸ்பரஸ் மெலிந்த நீர். இத்தகைய சமநிலைக் குலைவில் வளரும் பவளம் வெப்பத்திலும் கடும் ஒளியிலும் எளிதில் வெளுத்துவிடும் என்று சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த யோர்க் வீடன்மன் குழுவினர் 2013-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் காட்டினர். செப்டிக் டேங்க் ஒழுங்காக இருந்தாலே போதும் என்ற பொதுநம்பிக்கை தீவின் மணலில் செல்லாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பவளத்தைக் கொல்வது வெப்பம்தானே? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெளுப்பை மறந்துவிட முடியுமா? முடியாது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆண்டுக்கணக்காக நீருக்குள் இறங்கி எடுத்த அளவைகள், 2016 வெளுப்பு மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பை எவ்வளவு கடுமையாகச் சுருக்கியது என்பதைக் காட்டுகின்றன. ஆயினும் அந்த மறுப்பிலிருந்து வரும் முடிவு தலைகீழானது. கடலின் வெப்பத்தை ராமேஸ்வரம் நகராட்சியால் குறைக்க முடியாது. நைட்ரஜனைக் குறைக்க முடியும். வெளுத்த பவளம் மீண்டு எழ வெற்றுப் பாறையில் இளம்பவளம் ஒட்ட வேண்டும். அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டால் மீட்சி நின்றுபோகும். வெப்பம் கூடக்கூட உள்ளூர் நீரின் தரம் மேலும் முக்கியமாகிறது.

2019 இதற்கு ஓர் எச்சரிக்கை. அவ்வாண்டு ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கச் சென்னை திரண்டது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் பெருக்கம் அது. செப்டம்பர் வாக்கில் அதே உயிர் மன்னார் வளைகுடாவில் பெருகி, மடிந்து, அழுகியது. நீரில் ஆக்சிஜன் வீழ்ந்து, சிங்கில் தீவருகே பவளங்கள் செத்தன. அந்த ஆய்வு 2020-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. இந்தப் பெருக்கத்துக்குக் கழிவுநீர்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடலின் சொந்த சுழற்சிகளுக்கும் பங்குண்டு. குருசடைத் தீவில் பவளத்தைப் போர்த்திய கப்பாபைகஸ் பாசியும் வளர்ப்புக்குக் கொண்டுவந்ததிலிருந்து பரவியதே. ஆனால் இத்தகைய பெருக்கங்களைத் தாங்கும் கடலில் கரையிலிருந்து இன்னும் உரம் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது.

சென்னையில் பவளப்பாறை இல்லை. இருந்தும் கோட்டூர்புரம் இந்த விவாதத்துக்கு அவசியம், ஏனெனில் அளவுகோலின் குறை இங்கே வெளிப்படையாகத் தெரியும். அடையாறு கோட்டூர்புரம் பாலத்தைக் கடக்கும்போது ஆறாகவும் இருக்கிறது, கழிமுகமாகவும் இருக்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் ஓதத்தின் தாக்கம் இந்தப் பகுதியில் உண்டு. சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் இடையே மணல் திட்டு வளர்ந்து வாயடைத்தால் நீர் அப்படியே தேங்கும். சித்திரை வெயிலில், வாரக்கணக்கில் மழையே இல்லாத நாளில், கரையிறங்கி ஒரு மழைநீர் வடிகாலின் வாயைப் பார்க்க வேண்டும். நிற்காத ஒழுக்கு, விளிம்பில் சாம்பல் நிற இழை, விழுமிடத்தில் சோப்பு நுரை, அதைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாகச் செழித்த புல். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகால் ஓடினால் ஓடுவது மழைநீர் அல்ல. வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. அந்த ஒழுக்கு இரண்டின் கணக்கிலும் முழுமையாக ஏறுவதில்லை. நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் எவ்வளவு கவனமாகப் பிஓடி பார்த்தாலும் இந்த ஒழுக்கு அதன் அறிக்கையில் வராது.

ஆற்றின் மேற்போக்கில் சைதாப்பேட்டைப் பக்கம் படரும் ஆகாயத்தாமரை இன்னொரு சாட்சி. நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த நீரில் கொழிக்கும் செடி அது. மழைக்காலத்து வெள்ளம் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடற்கரையில் ஒதுக்கும். உப்பு பட்டுப் பழுத்து அழுகும். அள்ளி அகற்றச் செலவிடுகிறோம். அதை வளர்த்த உரத்தின் அளவைக் கேட்பதில்லை.

நைட்ரஜனை நீக்கும் தொழில்நுட்பம் சிறு ஊருக்குக் கட்டுப்படியாகாது என்பது அடுத்த மறுப்பு. மின்சாரமும் தேர்ந்த ஆட்களும் வேண்டும் என்பது உண்மை. நீரைக் கடலுக்கே விடாமல் மறுபயன்பாட்டுக்குத் திருப்புவது இன்னொரு வழி. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறன்கொண்ட எதிர்ச்சவ்வூடு பரவல் நிலையங்கள் 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு நீர் தருகின்றன. அங்கும் ஒரு நிபந்தனை உண்டு. சவ்வு பிரித்தெடுத்த உப்பும் நைட்ரேட்டும் கழிவுக் கரைசலில் செறிந்து நிற்கும். அதை மறுபடி ஆற்றில் விட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வரும். தீவில் தோப்புகளுக்குப் பாய்ச்சலாம் என்றால், மணல் எவ்வளவு நைட்ரேட்டைக் கடலுக்குக் கசியவிடும் என்று பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும். மரம் உறிஞ்சக்கூடிய அளவுக்கு மேல் ஊற்றுவது பாசனம் ஆகாது.

ஆகவே நான் கோருவது சேருமிடத்து வரம்பு. மக்கள்தொகை வகுப்பைக் கைவிட்டு, பவளப்பாறை, கடற்புல், கழிமுகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் கடல்நீரில் கரைந்த நைட்ரஜனின் வரம்பு குறிக்கப்பட வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஊர் எவ்வளவு நைட்ரஜன் வெளியேற்றலாம் என்று வர வேண்டும். ராமேஸ்வரத்தில் அதைக் கிணறுகளிலும் கரையோரப் பாறை மேலும் ஒருசேர அளக்க வேண்டும், அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும். அடையாற்றில் நிலைய வாயிலோடு நில்லாமல் கோட்டூர்புரம் பாலத்தடியில் ஓதம் இறங்கும் வேளையில் எடுக்க வேண்டும்.

இதற்கு அவசரம் ஏன் என்பதை ஹவாய்த் தீவுகளின் கனியோஹே விரிகுடா காட்டுகிறது. 1977, 1978 ஆண்டுகளில் அங்கே கழிவுநீர்க் குழாய்களை விரிகுடாவிலிருந்து ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். மிதவை நுண்ணுயிர்கள் விரைவில் குறைந்தன. ஆனால் பவளத்தின் மேல் படர்ந்திருந்த பச்சைக் குமிழ்ப்பாசி உடனே விடவில்லை. சேற்றில் தங்கிய உரத்தை உண்டு பல்லாண்டு நீடித்தது. 2006-இல் நீண்ட மழையும் மேகமூட்டமும் ஒளியை மறைத்த பிறகே அது பெருமளவு மறைந்தது. குழாய் திரும்பியதற்கும் பாசி போனதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டு. அந்த வரலாறு இன்று எழுதக் கிடைப்பதற்குக் காரணம், குழாய் திரும்பும் முன்பே அந்த விரிகுடாவை அளந்து வைத்திருந்ததுதான். ராமேஸ்வரத்தின் வடகரையில் கிணற்று நீரின் நைட்ரேட்டையும் பாறையின் பாசிப் பரப்பையும் ஒன்றாக அளக்கும் தொடர் பதிவு, பாதாளச் சாக்கடை இணைப்புகள் வீடுவீடாகப் போகும் முன்பே தொடங்கிவிட வேண்டும்.