படக்கதைத் தெய்வங்கள் – 9: மலை சுமந்த தோள்

1940 பிப்ரவரியில் ‘விஸ் காமிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழில் பில்லி பேட்சன் என்றொரு அநாதைப் பையன் ‘ஷஸாம்’ என்றான். மின்னல் இறங்கியது, கேப்டன் மார்வெல் ஆகிவிட்டான். ஹெர்குலிஸ், அட்லஸ், ஸூஸ், மெர்குரி எனப் பழைய தெய்வப் பெயர்களின் முதலெழுத்துகள் அந்த மந்திரத்தில் உண்டு. 1962 ஆகஸ்டில் வந்தவர் விந்தி நடக்கும் டாக்டர் டான் பிளேக். நார்வேயில் ஒரு குகைக்குள் ஊன்றுகோலைப் பாறையில் ஓங்கி அடிக்கிறார். கோல் சுத்தியலாகிறது, டாக்டர் இடிக்கடவுள் தோர் ஆகிறார். ஓவியர் ஜாக் கர்பி இஷ்டத்துக்கு வரைந்தார். தோருக்குப் பூசை நின்று பல நூற்றாண்டு ஆகியிருந்தது; கோபித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

நம் ஓவியர்களுக்கு அந்தச் சுகம் கிடையாது. இங்கே பத்திரிகையில் சாமி படம் வந்தால் கத்தரித்து, சட்டம் போட்டு, பொட்டும் வைத்துவிடுவார்கள். வேதாளர் கதைகளைப் பரப்பிய இந்திரஜால் காமிக்ஸில் பணியாற்றி, 1967-இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கிய அனந்த் பை, கண்ணன் கதையில் முதலில் அற்புதங்களை அடக்கியே வாசித்தார். கோவர்த்தன மலையைத் தூக்கும் காட்சிக்குப் பிந்தைய பதிப்பில்தான் உரிய இடம் கிடைத்தது.

மலை தூக்கும் கதையைப் பழனிக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். இடும்பனைக் காட்டுவார்கள். அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி இரண்டையும் சுமந்துவந்த அசுரன். பிரம்மதண்டமே கம்பு, பாம்புகளே கயிறு. திருவாவினன்குடியில் இறக்கிவைத்து இளைப்பாறி மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. மேலே கோவணமும் கையில் தண்டுமாக ஒரு பொடியன், மலை தன்னுடையது என்கிறான். சண்டையில் இடும்பன் மாண்டு, பிறகு உயிர்பெற்று, முருகனுக்கே காவலனானான். முதல் காவடி அவனுடையதுதான்.

காமிக்ஸ் கணக்குப்படி புஜபலம், நெடும்பயணம், சாகசம் எல்லாம் இடும்பன் பக்கம். முருகனோ மாம்பழக் கோபத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவன். அமெரிக்க நாயகன் உடை மாட்டினால்தான் பலசாலி. இவன் உடையைத் துறந்து நிற்கிறான். பிளேக்கின் கோல் சுத்தியலாக வேண்டியிருந்தது. இங்கே தண்டு கடைசிவரை தண்டுதான். ஆண்டியைக் கட்டம் கட்டமாக வரைவது லேசல்ல. படக்கதைக்காரர்கள் மயிலேறிச் சூரனை வெல்லும் முருகனிடமே போவதில் வியப்பில்லை.

பழனிக்கு மேற்கே, மடத்துக்குளம் வட்டாரத்துக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்தவர் கே.சி.சிவசங்கரன், ‘அம்புலிமாமா’ சங்கர். 1947 ஜூலையில் பிறந்த அந்த இதழில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து, இதிகாச புராணங்களுக்கு ஏராளமாக வரைந்தார். ஆனால் வாசகர் மனத்தில் ஒட்டிக்கொண்டது விக்கிரமன்: கையில் உருவிய வாள், தோளில் பிணம். அவன் தெய்வமுமல்ல, அசுரனுமல்ல. என் கணக்கில் இடும்பனுக்குப் பங்காளி. சுமக்கிறான், தோற்கிறான், மறுபடி முருங்கை மரத்துக்கே போகிறான். சங்கர் 2020 செப்டம்பரில் 96 வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ மறுஆண்டுதான் வந்தது.

அடுத்த வாரம் சிவகாசிக்குப் போவோம். சாமி காலண்டர்களை அச்சடித்த அந்த ஊரில்தான் 1972-இல் முத்து காமிக்ஸும், லண்டனிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியும் தமிழில் கால்வைத்தன.

(தொடரும்)