உள்ளீரம்

ஆடுதுறை 27 நெல் வந்த பிறகுதான் தஞ்சை மாவட்டத்தில் நெல் காயவைப்பது பெரும்பாடானது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம்மூர் ஜிஇபி 24-ஐயும் சேர்த்து உருவாக்கிய ரகம். 1960-களின் நடுவில் குறுவையில் பரவியது. மகசூல் கொடுத்தது. ஆனால் விதையுறக்கம் கிடையாது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளை விட்டது. ஈரத்தோடு அம்பாரம் குவித்தாலோ, உள்ளே கை விட்டால் சூடு தெரியும், புளித்த வாடை அடிக்கும்.

அந்த நெருக்கடியில்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் பிறந்தது. முன்னின்று நடத்தியவர், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன். அங்கே கண்ட கைமருந்து எளியது: ஈர நெல்லில் உப்பும் உமியும் கலப்பது. உப்பு நீரை வெளியே இழுக்கும், உமி வாங்கிக்கொள்ளும்; வெயில் வரும்வரை நெல் தாங்கும். 1972-ல் அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் ஆனது. இன்று தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வாரிசுதான்.

ஆலை உலர்த்தியில் சிக்கல் வேறு. சுடுகாற்று மேற்புறத்தைத்தான் முதலில் காயவைக்கும். அவசரப்பட்டால் மணி வெடிக்கும், அரைத்தால் குருணை. அதனால் கொஞ்சம் காயவைத்து, சில மணி நேரம் ஆறப்போட்டு, உள்ளீரம் வெளியே கசிந்ததும் மறுபடி காயவைக்கிறார்கள்.

சாயம் ஏற்றிய நூல் கோனிலும் இதே பாடுதான். இறுகச் சுற்றிய நூலில் வெளிச்சுற்று மொடமொடவென்று ஆன பிறகும் நடுவில் ஈரம் நிற்கும். அங்கே ரேடியோ அலை கைகொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் விமானத்துக்கான மரப்பலகைகளை ஒட்டப் பயன்பட்ட சூடு அது. 1947-ல் சர்வதேச மாநாடு தொழிலுக்கென்று ஒதுக்கிய 27.12 மெகாஹெர்ட்ஸில், உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்புலம் விநாடிக்கு 2.7 கோடி முறை முன்னும் பின்னும் மாறுகிறது. ஈரத்தில் உள்ள அயனிகள் அதோடு முன்னும் பின்னும் ஓடுவதாலும், நீர் மூலக்கூறுகள் திரும்பித் திரும்பி அசைவதாலும் ஈரம் சூடாகிறது. ஈரம் எங்கே அதிகமோ அங்கே சூடும் அதிகம். காய்ந்த இடம் பெரிதாகச் சூடாவதில்லை.

நெல்லுக்கும் இது பொருந்தும்தான். ஆனால் அந்த மின்சாரச் செலவைச் சாய நூல் தாங்கும், நெல் மூட்டை தாங்காது. நம்மிடம் எரிக்க இருப்பது உமி. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நின்றுவிடுகிறது. மழை வந்தாலே தளர்வு கேட்டு மனுப் போடுகிறோம். அந்த மனுவில், உமி எரித்து ஓடும் உலர்த்திகளை நிலையத்துக்கே கொண்டுவாருங்கள் என்றும் எழுத வேண்டும்.