எக்ஸ் இல்லாத அட்சரகணிதம்



"சேர், இந்த எக்ஸைக் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறம்?" வருடா வருடம் வகுப்பில் வரும் கேள்வி. கணக்கு வசனத்தில் வந்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியை "அட்சரகணிதத்தின் தந்தை" என்று படம் போட்டுப் பகிர்கிறோம். அவருடைய கிதாபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கலீபா மஃமூனின் ஆட்சியில் (813-833) பக்தாதில் எழுதப்பட்டது அது. தலைப்பில் இரண்டு சொற்கள். அல்-ஜப்ர் என்றால் கழிபட்டு நிற்பதை இரு பக்கமும் கூட்டிச் சீராக்குவது. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் இதே சொல்தான். அல்-முகாபலா என்றால் இரு பக்கமும் உள்ள ஒரே இன உறுப்புகளைக் கழித்துவிடுவது.

நாம் அட்சரகணிதம் என்கிறோம், அந்தக் கிதாபில் அட்சரமே கிடையாது! எக்ஸ் இல்லை, சமன் குறி இல்லை. எண்கள்கூடச் சொல்லால்தான். தெரியாக்கணியத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஷய்', அதாவது 'ஒரு பொருள்'. முழுவதும் வசனக் கணக்குத்தான்.

வாரிசுரிமை, வஸிய்யத், வியாபாரம், காணி அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு மக்களுக்கு உதவவே எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். கிதாபில் ஏறத்தாழப் பாதி வஸிய்யத் கணக்குகள். அதில் ஒன்று:

ஒருவர் மௌத்தாகிறார். இரண்டு ஆண்மக்கள். சொத்தில் மூன்றிலொன்றை வெளியாள் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். அதோடு ஒரு மகன் வாப்பாவுக்கு 10 திர்ஹம் கடன்.

கடன்பட்ட மகனின் பங்கைக் கடனிலேயே கழிக்கிறார்கள். எவ்வளவு கழிப்பது? பங்கு தெரிந்தால்தான் மொத்தச் சொத்துத் தெரியும். சொத்துத் தெரிந்தால்தான் பங்கு தெரியும். நம் வீடுகளில் இந்த இடத்தில் குரல் உயர்ந்துவிடும். குவாரிஸ்மி அந்தத் தெரியாத தொகையைப் 'பொருள்' என்று வைத்துக்கொள்கிறார். அப்போது சொத்து, பத்தும் ஒரு பொருளும். மூன்றிலொன்று வஸிய்யத்துக்குப் போனால், மிச்சத்தில் மகன்மாருக்கும் ஆளுக்கு மூன்றிலொன்று: அதாவது 3⅓ திர்ஹமும் பொருளில் மூன்றிலொன்றும். கடன்பட்டவனுக்கு அதுவேதான் அந்த முழுப் 'பொருள்'. ஆகவே பொருளில் மூன்றில் இரண்டு 3⅓க்குச் சமன். பொருள் 5. கையிருப்பில் வெளியாளுக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவனுக்குக் கடனில் 5 கழியும். மிச்சக் கடனின் சட்டம் ஃபிக்ஹ் பாடம், அதை ஆலிம்களிடம் விடுகிறேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இருபடிக் கணக்குகளை பாபிலோனியர் களிமண் பலகைகளில் செய்திருக்கிறார்கள். இந்தியாவின் பிரம்மகுப்தர் 628இலேயே விதி எழுதிவிட்டார். கணக்குகளை வகை பிரித்து, வகைக்கொரு வழியும் அதற்கு நிரூபணமும் தந்து தனிப் பாடமாக்கியதே குவாரிஸ்மியின் பணி. என் கணிப்பில் அதுவே பெரிய விஷயம்.

1145இல் செஸ்டர் ரொபர்ட் ஸ்பெயினில் இதை இலத்தீனுக்கு மாற்றினார். சமன்பாடுகள் போயின, வஸிய்யத் பகுதி போகவில்லை. 1831இல் லண்டனில் ரோசனின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அது வெளிவந்தது.

அதிலிருந்து இன்னொன்று, உங்களுக்கு: ஒரு பெண் மௌத்தாகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்மார். வெளியாளுக்கு வஸிய்யத், சொத்தில் எட்டிலொன்றும் ஏழிலொன்றும். சொத்தை 1,120 பங்காக்கினால் எல்லாருக்கும் முழு எண் வரும். ஒரு மகளுக்கு எத்தனை பங்கு? பிள்ளைகளோடு இருந்து செய்து கொமெண்டில் போடுங்கள்.