பொன்முடிச் சாரலில் ஒரு பச்சிலை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டையூசி வளைவுகளாகச் சுருண்டேறிப் பொன்முடியை அடைகிறது. கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அங்கே செல்வோர் பனிமூட்டத்தையும் புல்வெளியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் பொன்முடியைத் தன்னுள் கொண்ட அகத்தியமலைத் தொடரின் அடர்காட்டில், பெருமரங்களின் நிழலில், ஒரு சாண் உயரமே வளரும் செடியொன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

அதன் பெயர் ஆரோக்கியப்பச்சை. திருநீற்றுப்பச்சை என்று நாம் சொல்வதில் வரும் அதே 'பச்சை'தான். சிறுவள்ளி, பெருவள்ளிக் கிழங்குகளின் குடும்பத்தைச் சார்ந்ததாயினும் இது கொடியாகப் படர்வதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குத்தண்டிலிருந்து மெல்லிய காம்புகள் எழுந்து, ஒவ்வொன்றும் ஓர் இலையைத் தாங்கி நிற்கும். கருஞ்சிவப்பான சிறுபூக்கள் இலையின் கீழ் மறைந்திருக்கும். குனிந்து தேடினாலன்றிக் கண்ணில் படா. இலங்கையில் வளரும் இனத்திற்கு 1788-ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் கேர்ட்னர் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் எனப் பெயரிட்டார். நம் மலையில் உள்ளது அதன் கிளையினம். அதன் தாவரப் பெயரில் திருவிதாங்கூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமஸ்தானம் மறைந்த பின்னும் பெயர் செடியில் நிலைத்துவிட்டது!

இச்செடியை அறிந்தவர்கள் காணிகள். அகத்தியமலைக் காடுகளின் பழங்குடியினர். தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசுவோர். 1987-ஆம் ஆண்டில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இம்மலையில் ஏறியது. செங்குத்தான பாதையில் அறிஞர்கள் சோர்ந்து அமர்ந்தனர். வழிகாட்டிய காணி இளைஞர்களோ வாட்டமின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே சிறு பழங்களை வாயிலிட்டு மென்றதைக் குழுவினர் கவனித்தனர். அது என்னவென்று கேட்டபோது முதலில் அவர்கள் சொல்ல மறுத்தனர். அது குடியின் மறைபொருள். நெடுநேரம் வற்புறுத்தி, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினர்.

பின்னர், பொன்முடி அடிவாரத்தை ஒட்டிய பாலோட்டில் 1979-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் ஆராய்ச்சி நடந்தது. சோர்வகற்றும் தன்மை இலையிலும் இருப்பதாகக் கண்டனர். அவ்விலையோடு அமுக்கராக்கிழங்கு, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கினர். 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகம் அதைத் தயாரிக்கும் உரிமையை ஏழாண்டுகளுக்குப் பெற்றது. உரிமைத்தொகை ரூபாய் 10 இலட்சம். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இவற்றில் சரிபாதி காணிகளுக்கு என்பது ஏற்பாடு. இந்தியாவில் உயிரியற் பன்மைச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அச்சட்டம் பிறக்குமுன்பே ஓர் அரசு நிறுவனம் இவ்வாறு செய்தது பாராட்டுக்குரியதே.

மருந்து வேண்டுமாயின் இலை வேண்டும். இலைக்குச் செடியை வளர்த்தாக வேண்டும். இங்கேதான் இடர் தொடங்கிற்று. தில்லியில் என் வீட்டு மாடத்தில் துளசித் தொட்டியைக் கண்ட நண்பரொருவர், ஆரோக்கியப்பச்சையின் கதையைக் கேட்டு, ஒரு கன்று கிடைக்குமா என்றார். கிழங்குத்தண்டைப் பிரித்து நட்டால் துளிர்க்கும் செடிதான். ஆனால் அதற்கு இலைமக்கு நிறைந்த மண் வேண்டும், ஈரம் வற்றலாகாது, நீரும் தேங்கலாகாது, நேர்வெயில் ஆகாது. மே மாதத்து அனற்காற்றில் அது என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்படியே பிழைத்து இலை விட்டாலும், தன் காட்டுச் சூழலை விட்டு வளர்ந்த செடியில் மருந்துத்தன்மை குன்றும் என்பது ஆய்வாளர் கூற்று.

ஆகவே, காணிக் குடும்பங்களே தங்கள் குடியிருப்புகளைச் சுற்றி, காட்டு நிழலிலேயே பயிரிடப் பழக்கப்பட்டனர். அது நல்ல யோசனை. ஆனால் அந்நிலம் காப்புக்காடு. அரிய செடியைப் பயிர் என்னும் பெயரில் காட்டிலிருந்தே பிடுங்கிவிடுவர் என்று வனத்துறை அஞ்சித் தடுத்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. வேரோடு பறித்து விற்றவர்களும் இருந்தனர். எனினும் செடியைக் காட்டிக்கொடுத்தவர்களே அதைத் தம் முற்றத்தில் நட முடியாத நிலை நேர்ந்தது.

காணிகளும் ஒரே மனத்தினர் அல்லர். வழிகாட்டிய இளைஞர்கள் குற்றிச்சல் பகுதியினர். விதுரைப் பகுதியைச் சேர்ந்த மருத்துவப் பூசாரிகளாகிய பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவைத் தனியார்க்கு விற்கலாகாது என்று 1995-இல் கேரள முதலமைச்சருக்கு எழுதினர். 1997-இல் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் 5 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது.

அந்த அறக்கட்டளையின் பெயரில் 'கேரள' என்னும் சொல் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிகளும் இதே குடியினர்தாம். திருவிதாங்கூரின் குடிகளாக இருந்த அவர்கள், 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்தோடு நம் மாநிலத்திற்கு வந்தவர்கள். ஆரோக்கியப்பச்சையின் பங்கு எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.