லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்: ரசிகர் மரபு

லீஜியன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ், சுருக்கமாக லீஜியன், அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிடும் எதிர்காலக் கதைவரிசை. பல கோள்களைச் சேர்ந்த பதின்வயதினர், ஆளுக்கொரு அபூர்வ சக்தியுடன், 30-ஆம் நூற்றாண்டில் கூடி நடத்தும் சங்கமே லீஜியன். அதன் வாசகர்கள் தொடக்கத்திலிருந்தே கதைக்குள் கைவைத்தவர்கள்: தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், வீரர்களைக் கற்பனை செய்து அனுப்பினார்கள், பிறகு தாங்களே எழுத்தாளர்களானார்கள். அந்த வாசகர் கூட்டத்தின் வரலாறு இங்கே தரப்படுகிறது. கதைச்சுருக்கம் தேவையான இடத்தில் மட்டும் வரும்.

தோற்றம்

அணி முதலில் தோன்றியது ஏப்ரல் 1958 தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில். எழுதியவர் ஓட்டோ பைண்டர், வரைந்தவர் ஆல் பிளாஸ்டினோ, ஆசிரியர் மார்ட் வைசிங்கர். கதைக்கருவில் வைசிங்கரின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்துகள் ஒத்துப்போவதில்லை. காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் பாய் (பின்னாளில் லைட்னிங் லாட்) ஆகிய மூவரும் எதிர்காலத்திலிருந்து வந்து, சிறுவன் சூப்பர்மேனாகிய சூப்பர்பாயைத் தங்கள் சங்கத்துக்கு அழைத்துப் போகிறார்கள். தேர்வு வைக்கிறார்கள். தோற்கடிக்கிறார்கள். கடைசியில் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்கள். தலைகீழாகத் தரையில் குத்தி நிற்கும் ராக்கெட் போன்ற மஞ்சள் நிறக் கட்டடம்தான் சங்கத்தின் இருப்பிடம். பின்வந்த ஓவியர்கள் எத்தனையோ பிரமாண்டமான தலைமையகங்களை வரைந்திருக்கிறார்கள். பழைய வாசகர்களின் மனம் அந்த ராக்கெட்டை விட்டு நகர்ந்ததில்லை.

அது ஒரே ஒரு கதைக்கான கற்பனை. வாசகர்கள் எழுதிக் கேட்டதால்தான் அணி திரும்பி வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அப்படியானால் அடுத்த கதை (267-ஆம் இதழ்) டிசம்பர் 1959 வரை ஏன் தாமதமானது என்ற கேள்வி எழுகிறது. கடிதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தன என்று சொல்லலாம். வைசிங்கருக்கு வேறு கதை கிடைக்காத மாதம் அது என்றும் சொல்லலாம். எப்படியாயினும், செப்டம்பர் 1962-இல் 300-ஆம் இதழிலிருந்து லீஜியனுக்கு நிலையான இடம் கிடைத்தது.

கடிதப் பக்கங்கள் (1962–1966)

ஜெர்ரி சீகலும் எட்மண்ட் ஹாமில்டனும் பெரும்பாலான கதைகளை எழுதிய இக்காலத்தில், இதழின் கடிதப் பகுதி தனி அரங்காக வளர்ந்தது. சங்கத்துக்கு விதிகள் இருந்தன: உறுப்பினர் பதின்வயதினராக இருக்க வேண்டும், ஒருவருடைய சக்தி இன்னொருவருக்கு இருக்கக்கூடாது, கொலை செய்யக்கூடாது. விதி என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டை தேடுபவரும் இருப்பார். எந்த வீரரின் சக்தி எந்த வீரரின் சக்தியோடு மோதுகிறது என்று வாசகர்கள் சட்ட வல்லுநரைப் போல் வாதாடினார்கள். புதிய வீரர்களுக்கான யோசனைகளும் குவிந்தன. அவற்றுள் பல அச்சேறின, சில கதையிலும் ஏறின.

தலைவர் தேர்தல் இக்காலத்து ஏற்பாடு. வாசகர்கள் தபாலில் வாக்கு அனுப்ப, வென்றவர் கதையில் தலைவரானார். எண்ணிக்கை ஆசிரியரின் மேசையில்தான் நடந்தது என்பதால் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று பின்னாளில் சிலர் ஐயப்பட்டதுண்டு. ஆயினும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தபால்தலை ஒட்டி வாக்களித்தார்கள், அதன் பலனைச் சில மாதங்கள் கழித்துக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதில் ஐயமில்லை.

ஜனவரி 1963-இல் (இதழ் 304) லைட்னிங் லாட் இறந்தான். செப்டம்பரில் (இதழ் 312) தோழர்கள் மின்னலைத் தாங்கும் கம்பிகளை ஏந்தி அவனைச் சூழ்ந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் உயிரைக் கொடுத்தால் அவன் எழுவான் என்பது ஏற்பாடு. சாட்டர்ன் கேர்ளுக்குப் பதிலாக அவள் உருவெடுத்துச் செத்தது புரோட்டி என்ற, உருமாறும் வளர்ப்புப் பிராணி. இந்தப் புரோட்டி பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலான விவாதத்துக்குக் காரணமாயிற்று.

மார்ச் 1963-இல் (இதழ் 306) வந்த 'பதிலி வீரர்கள்' ரசிகர்களின் தனிப் பாசத்துக்கு உரியவர்கள். லீஜியன் சேர்த்துக்கொள்ள மறுத்தவர்கள் கூடி அமைத்த சங்கம் இது. இருட்டில் மட்டும் வலிமை பெறும் நைட் கேர்ள், செடிகளை வேகமாக வளரவைக்கும் குளோரோஃபில் கிட், நெருப்பு மூச்சு விடும் ஃபயர் லாட், குளிரை உண்டாக்கும் போலார் பாய். கல்லாக மாறக்கூடிய ஸ்டோன் பாயும் உண்டு. மாறினால் அசைய முடியாது. வீரர் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களை வைத்தே ஒரு கதைவரிசை பிழைக்கும் என்று அறிந்திருந்ததில் வைசிங்கரின் சாமர்த்தியம் தெரிகிறது.

ஜிம் ஷூட்டர் (1966–1970)

லீஜியன் ரசிகர் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது பிட்ஸ்பர்க் நகரத்துச் சிறுவன் ஒருவனின் கதை. ஜிம் ஷூட்டர் 1951 செப்டம்பரில் பிறந்தவர். தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது அங்கே கிடந்த காமிக்ஸ்களில் ஒரு வேறுபாட்டைக் கவனித்ததாக அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்: போட்டி நிறுவனமான மார்வெலின் இதழ்கள் கைபட்டுக் கைபட்டுக் கிழிந்திருந்தன, டிசி இதழ்கள் புதிதாகவே இருந்தன. மார்வெல் முறையைப் படித்து, அதை வேண்டியிருப்பவர்களுக்கு விற்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். வீட்டில் பணமுடை.

ஏறத்தாழ ஓராண்டு படித்துவிட்டு, லீஜியன் கதைகளை எழுதி, கட்டம் கட்டமாக வரைந்தும் காட்டி அனுப்பினார். வைசிங்கர் அவற்றை வாங்கினார். அனுப்பியவரின் வயது அவருக்கு முதலில் தெரியாது என்றே சொல்லப்படுகிறது. ஜூலை 1966 தேதியிட்ட 346-ஆம் இதழில் முதல் கதை வந்தபோது ஷூட்டருக்குப் பதினான்கு வயது. கராத்தே கிட், ஃபெர்ரோ லாட், பிரின்சஸ் புரொஜெக்ட்ரா, துரோகியாக மாறும் நெமிசிஸ் கிட் ஆகிய நால்வரும் அந்த ஒரே கதையில் அறிமுகமானார்கள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து எழுதிய பையனுக்கு வியாழக்கிழமை இரவுகளில், தொலைக்காட்சியில் 'பேட்மேன்' முடிந்த கையோடு, நியூயார்க்கிலிருந்து வைசிங்கரின் தொலைபேசி வரும். அழைப்பில் பாராட்டைவிட வசவு அதிகம் என்பது ஷூட்டரின் நினைவு.

வாசகராக இருந்தவர் எழுத வந்ததால் என்ன மாறியது? வில்லன்களுக்கு எடை கூடியது. ஃபேட்டல் ஃபைவ் என்ற ஐவர் குழு 352-ஆம் இதழிலும், மந்திரவாதி மோர்ட்ரு 369-ஆம் இதழிலும் வந்தார்கள். மரணத்துக்கும் பொருள் வந்தது: பிப்ரவரி 1967-இல் (இதழ் 353) சூரியனை விழுங்கும் சன்-ஈட்டரை அழிக்க ஃபெர்ரோ லாட் தன்னையே கொடுத்தான். லைட்னிங் லாட்டைப் போல் அவனை எழுப்பவில்லை. நான்கு மாதம் கழித்து ஆவியாக மட்டும் ஒருமுறை கொண்டுவந்தார்கள். முகமூடிக்குப் பின்னே ஃபெர்ரோ லாட்டைக் கறுப்பின இளைஞனாகக் காட்டத் தாம் எண்ணியிருந்ததாகவும், தென்மாநில விற்பனைக்கு அஞ்சி வைசிங்கர் மறுத்ததாகவும் ஷூட்டர் கூறியுள்ளார். இது அவருடைய கூற்றாகவே நிற்கிறது.

இன்னொரு கதை ரசிகர்களுக்கு நீண்டகால வேலை கொடுத்தது. 354, 355-ஆம் இதழ்களில் (1967) அணியினர் பெரியவர்களாகிவிட்ட காலம் காட்டப்பட்டது. அங்கே இறந்த வீரர்களுக்கு நினைவுச் சிலைகள். சிலையில் உள்ள பெயர்களில் கெமிக்கல் கிங், ஷேடோ வுமன், ரிஃப்ளெக்டோ ஆகியோர் அதுவரை கதையில் பிறக்கவே இல்லை. முன்கூட்டியே எழுதப்பட்ட இந்த மரண அறிவிப்பை வாசகர்கள் மறக்கவில்லை. ஷேடோ லாஸும் (சிலையில் ஷேடோ வுமன்) கெமிக்கல் கிங்கும் 1968-இல் வந்தார்கள். வந்த நாளிலிருந்தே அவர்களை நாள் எண்ணிக்கொண்டு படித்தார்கள். கெமிக்கல் கிங் 1977-இல் இறந்தான். ரிஃப்ளெக்டோ விவகாரம் 1981-இல்தான் தீர்த்து வைக்கப்பட்டது. பதினைந்து வயதுப் பையன் ஒரு பின்னணிச் சித்திரத்தில் வைத்த பெயர்களுக்குப் பிற எழுத்தாளர்கள் பதினான்கு ஆண்டுகள் கடன் அடைத்தார்கள்.

ஷூட்டர் பின்னர் மார்வெலின் தலைமை ஆசிரியரானார் (1978). 2007-இல் லீஜியனுக்குத் திரும்பிச் சிறிது காலம் எழுதினார். 2025 ஜூனில் காலமானார்.

ரசிகர் இதழ்கள் (1969–1981)

'அட்வென்ச்சர்' 380-ஆம் இதழோடு (மே 1969) லீஜியன் அங்கிருந்து அகற்றப்பட்டு, 'ஆக்ஷன் காமிக்ஸ்' இதழின் பின்பக்கங்களுக்கும் பிறகு 'சூப்பர்பாய்' இதழின் பின்பக்கங்களுக்கும் சென்றது.

இந்த ஒதுக்கமே அமைப்பு ரீதியான ரசிகர் இயக்கத்தைப் பிறப்பித்தது. 1972-இல் ரசிகர் மன்றம் ஒன்று தொடங்கியது. அதன் இதழ் 'தி லீஜியன் அவுட்போஸ்ட்', 1981 வரை வெளிவந்தது. நேர்காணல், உறுப்பினர் வரலாறு, விதிகளின் ஆய்வு, ரசிகர் ஓவியம் என்று அதன் பக்கங்கள் நிறைந்தன. 1973-இல் 197-ஆம் இதழிலிருந்து 'சூப்பர்பாய்' இதழின் முகப்பில் லீஜியனின் பெயர் ஏறியதற்கு மன்றத்தின் கோரிக்கைகளே காரணம் என ரசிகர்கள் கருதுகிறார்கள். அதே வேளையில் ஓவியர் டேவ் காக்ரம் அணியின் உடைகளைப் புதுக்கி வரைந்துகொண்டிருந்ததும் விற்பனைக்கு உதவியிருக்கும். காக்ரம் அதிக நாள் தங்கவில்லை. 200-ஆம் இதழில், பந்துபோல் உருளும் பவுன்சிங் பாய்க்கும் டுவோ டாம்செலுக்கும் நடந்த திருமணத்தை இரு பக்கங்களில் விரித்து வரைந்திருந்தார். அந்த மூல ஓவியத்தை டிசி திருப்பித் தர மறுத்ததால் விலகினார் என்பது வழங்கிவரும் செய்தி. அவர் லீஜியனுக்காக யோசித்து வைத்திருந்த நைட்கிராலர் மார்வெலின் எக்ஸ்-மென் அணியில் இடம்பெற்றான். 1977-இல் எக்ஸ்-மென் கதையில் வந்த இம்பீரியல் கார்டு என்ற படையை லீஜியன் ரசிகர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டார்கள்.

1976-இல் அறிமுகமான டைரோக், அணியின் முதல் கறுப்பின வீரன். வரவேற்பு கலவையாக இருந்தது. 30-ஆம் நூற்றாண்டின் கறுப்பின மக்கள் தனித் தீவில் வாழ்வதாகக் காட்டியதைப் பலர் ஏற்கவில்லை. வரைந்த மைக் கிரெலே அதைக் கடுமையாகக் குறைகூறியவர்களுள் ஒருவர்.

அதே 1976-இல் 'இன்டர்லாக்' என்ற, ரசிகர்கள் தபாலில் கூடி நடத்திய கூட்டிதழ் தொடங்கியது. கதையில் எல்லாக் கோள்களுக்கும் பொதுவான மொழியின் பெயர் இது. ஒவ்வொரு உறுப்பினரும் தம் பக்கங்களைத் தாமே அச்சிட்டு, உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிகளை ஒருவருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் அடுக்கித் தைத்துக் கட்டு கட்டாக அனைவருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த கட்டில் ஒருவர் பக்கத்துக்கு இன்னொருவர் பதில் எழுதுவார். ஒரு வாக்குவாதம் முடிய மாதங்கள் ஆகும். பொறுமையும் தபால் செலவும் வேண்டிய இந்த ஏற்பாட்டில் நட்புகளும் திருமணமும்கூட உருவாயின.

ரசிகரே எழுத்தாளர் (1982–1994)

பதின்வயதில் 'தி காமிக் ரீடர்' என்ற ரசிகர் இதழை நடத்திய பால் லெவிட்ஸ் லீஜியனின் எழுத்தாளரானது இயல்பாகவே நடந்தது. 1982-இல் ஓவியர் கீத் கிஃபனுடன் அவர் தந்த 'தி கிரேட் டார்க்னெஸ் சாகா' (இதழ்கள் 290–294), வில்லன் யாரென்று நீண்ட நேரம் மறைத்து வைத்து வாசகர்களை ஊகிக்க விட்டது. விடை: டார்க்சைட். தலைவர் தேர்தலும் அவர் காலத்தில் உயிரோடு இருந்தது. 1987-இல் வென்றவன் போலார் பாய், 1963-இல் லீஜியன் சேர்த்துக்கொள்ள மறுத்த அதே பையன்.

1989-இல் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிந்தைய இருண்ட எதிர்காலத்தில் புதிய தொடர் தொடங்கியபோது, கிஃபனுடன் எழுதியவர்கள் இன்டர்லாக்கின் டாம், மேரி பியர்பாம் தம்பதி. ரசிகர் வட்டத்து ஊகங்கள் சில இப்போது அச்சிட்ட கதையாயின. அவற்றுள் பெரியது புரோட்டியைப் பற்றியது: 1963-இல் எழுந்தது லைட்னிங் லாட் இல்லை, அவன் உடலுக்குள் புகுந்த புரோட்டிதான். சாட்டர்ன் கேர்ள் மணந்ததும் அதைத்தான். இது துணிச்சலான கதையா, பழைய கதைக்கு இழைத்த துரோகமா என்பதில் ரசிகர்கள் இன்றும் இரு கட்சி.

மறுதொடக்கங்கள் (1994 முதல்)

1994-இல் 'ஜீரோ ஹவர்' என்ற டிசி கதை நிகழ்வோடு 36 ஆண்டுக் கதை முழுவதும் துடைக்கப்பட்டு அணி முதலிலிருந்து தொடங்கப்பட்டது. அதை எழுதியவர்களுள் ஒருவரான மார்க் வேய்ட், ஓவியர் பேரி கிட்சனோடு 2004-இல் இன்னொரு முறை தொடங்கினார். இந்த மூன்றாம் வடிவத்தில் லீஜியன் உறுப்பினர்களே பழைய காமிக்ஸ்களைச் சேகரித்துப் படிக்கும் ரசிகர்கள். கடிதப் பக்கத்தில் வாசகர்களுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். எந்த வடிவம் உண்மையான லீஜியன் என்ற சண்டைக்கு, ஜெஃப் ஜான்ஸும் ஜார்ஜ் பெரெஸும் மூன்று வடிவங்களையும் ஒரே கதையில் சேர்த்து (2008–09) சமரசம் தேடினார்கள். சண்டை ஓயவில்லை.

2006 முதல் 2008 வரை தொலைக்காட்சி அனிமேஷன் தொடர் ஒன்று ஒளிபரப்பானது. 2011-இல் தொடங்கிய காமிக்ஸ் 2013-இல் நின்றது. 2019-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ரயன் சூக்கும் தொடங்கிய தொடர் 12 இதழ்கள் வந்தது. 2023-இல் அனிமேஷன் திரைப்படம் வெளியானது. அதன் மையப் பாத்திரங்கள் சூப்பர்கேர்ளும் பிரேனியாக் 5-உம்.